வார்த்தைக்கு வேர் தேடறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள் (கொங்குப் பக்கத்துல இருந்து)

ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போன எடத்துலயும், பஸ்ஸுல பக்கத்து சீட்டுலயும், போன்லயும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள ஒட்டுக்கா ஒரே எடத்துல எழுதி வெச்சுருக்கறேன். வரிசையாப் படிக்கோணும்னு இல்லீங்க, எது வேணுமோ அதுக்குப் போய்க்கலாம்.

ஒரு வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?

சோறு போடாதுங்க, அது நெசம். ஆனா நாம பேசற ஒவ்வொரு வார்த்தையும் நமக்கு முன்னால எத்தனையோ தலைமுறை பேசிப் பேசி நம்ம கைக்கு வந்தது, அவங்க யாருகூட யாவாரம் பண்ணாங்க, எந்த சர்க்காருக்கு வரி கட்டுனாங்க, எந்தப் பயிர் புதுசா ஊருக்குள்ள வந்துச்சு, எல்லாமே அந்த வார்த்தைல ஒட்டிக்கிட்டு இருக்குது. ராஜா பேரு கல்வெட்டுல இருக்கும், கோயிலுக்கு நெலம் குடுத்தவன் பேரும் இருக்கும், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்த ஆத்தா என்ன பேசுனாங்கங்கறது கல்வெட்டுல இருக்காது, நம்ம வாயிலதான் இருக்குது. எனக்கு அந்த ஒரு காரணமே போதுமுங்க.

எங்க ஊட்ல பேசறதெல்லாம் கொச்சைன்னு சொல்றாங்களே, அதுக்கெல்லாம் வேர் உண்டா?

அதுக்குத்தான் மொதல்ல பாக்கோணும்.

சீமாறு எடுத்துக்குங்க. டவுனுல சீமாறுன்னு சொன்னா மொகத்தைச் சுளிக்கறாங்க, தொடப்பம்னு சொல்லுன்னு பசங்களைத் திருத்தறாங்க. ஆனா சீத்தல்னு ஒரு பழைய வினைச்சொல் இருக்குதுங்க, தொடைக்கறது, பெருக்கித் தள்ளறது, கீறி வெலக்கறதுன்னு அர்த்தம். கோழி குப்பைய சீக்குதுன்னு இன்னைக்கும் சொல்றமல்ல, அதே சீ தான். மாறுன்னா கட்டிப் பெருக்கற குச்சிக்கட்டு, வெளக்குமாறுல இருக்கற மாறும் அதேதான். சீ, மாறு ரெண்டும் சேந்துதான் சீமாறு. ரெண்டுமே நல்ல பழந்தமிழ், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதில ரெண்டுக்கும் எடம் இருக்குது, நாம எதுக்கு வெக்கப்படோணும்?

நோம்பியும் அப்படித்தான். மத்த ஊர்க்காரங்க பண்டிகை, திருவிழான்னு சொல்றதை நாம தீவாளி நோம்பி, மாரியம்மன் நோம்பின்னு சொல்றோம். நோன்புதான் நோம்பி ஆகியிருக்குது. பட்டினி கெடக்கறதுக்கு உண்டான வார்த்தை எப்படி விருந்துக்குப் பேரா ஆச்சுன்னு கேட்டா, பூச்சாட்டுன நாள்ல இருந்து கம்பம் புடுங்கற வரைக்கும் ஊரு இருக்கற கட்டுப்பாட்டைப் பாத்தாலே தெரிஞ்சுரும். கவுச்சி கூடாது, சாட்டுனதுக்கு அப்பறம் வெளியூர்ல தங்கக் கூடாதுன்னு வெரதம் ஒருபக்கம், கெடா வெட்டு ஒருபக்கம், ரெண்டும் ஒரே நோம்பிக்குள்ளதான் இருக்குது.

அப்பறம் காடு. வெளியூர்ல இருந்து பொண்ணு கட்டிட்டு வந்தவங்க இதுல ஒருதடவை முழிச்சுருவாங்க, மாமியா காட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னா யானை திரியற காடுன்னு நெனச்சுக்குவாங்க. இங்க காடுன்னா மானாவாரி நெலம், மழைய நம்பி சோளமும் கம்பும் கடலைக்காயும் வெதைக்கற பூமி. கெணத்துத் தண்ணி பாஞ்சா அது தோட்டம், வாய்க்கால் பாசனம்னா வயல். காளிங்கராயன் வாய்க்கால் ஓரத்துல இருக்கறவங்க வயல்னு சொல்றதும், காங்கேயம் பக்கம் மேட்டுல இருக்கறவங்க காடுன்னு சொல்றதும், தண்ணி எங்கிருந்து வருதுங்கறதை வெச்சுத்தானுங்க. மொத்தப் பண்ணையமும் இந்த மூணு வார்த்தைக்குள்ள அடங்கிக் கெடக்குது, எந்த வார்த்தைய சொல்றாங்கங்கறதை வெச்சே அந்தக் குடும்பம் எந்த மாதிரி பூமில பொழைச்சுதுன்னு சொல்லிரலாம்.

வார்த்தைக்கு அர்த்தம் ஒருதடவை வந்துட்டா அப்படியே நிக்குமா?

நிக்காதுங்க. வடமொழில இருந்து வந்த நியாயம் நம்ம வாயில நாயம் ஆச்சு, வழக்குப் பேசறதுக்கு உண்டான வார்த்தையா இருந்தது போகப்போக சும்மா ஒக்காந்து பேசற பேச்சுக்கே பேரா ஆயிருச்சு. "என்ன நாயம்", "அங்க என்ன நாயம் பேசிட்டிருக்கற" அப்படின்னா அங்க பஞ்சாயத்து நடக்குதுன்னு அர்த்தம் இல்ல, திண்ணைல நாலு பேரு பேசிட்டிருக்கறாங்க, அவ்வளவுதான்.

ஏனுங்க, எச்சு, இதெல்லாம் கன்னடத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாங்களே?

இதுக்கு ஒரே பதில் கெடையாது, ரெண்டு வார்த்தைக்கும் ரெண்டு வெதமான பதில். கன்னடம் நமக்குத் தூரத்து மொழி இல்லீங்க, தாளவாடி போனா வீதில கன்னடம்தான், கொள்ளேகால் 1956 வரைக்கும் நம்ம கோயமுத்தூர் ஜில்லாவுலதான் இருந்துச்சு. கலப்பு இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

ஏனுங்கன்னு நாம சொல்றம், கன்னடத்துல ஏனுன்னா என்னன்னு அர்த்தம். உடனே அங்கிருந்துதான் வந்துச்சுன்னு முடிவு கட்டிரக் கூடாது. தமிழும் கன்னடமும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க, என், என்ன, ஏன், ஏனு எல்லாமே ஒரே எ-ல இருந்து கெளைச்சதுதான். பங்காளிங்க ரெண்டு பேரு ஊட்லயும் ஒரே மாதிரி சொம்பு இருந்தா ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட வாங்கிட்டான்னு அர்த்தமா, ரெண்டு பேருக்கும் பாட்டன் ஊட்டுச் சொத்தாக்கூட இருக்கலாமல்ல.

எச்சு கதை வேற. எச்சா போடாதீங்கன்னு சொல்றமே, அதிகம்ங்கற அர்த்தத்துல, அது கன்னடத்துல ஹெச்சு. பழைய கன்னடத்துல அது பெர்ச்சுன்னு இருந்துச்சு. கன்னடத்துல ஒரு மாத்தம் நடந்துச்சுங்க, மொதல்ல வர்ற ப எல்லாம் ஹ ஆயிருச்சு, நம்ம பால் அங்க ஹாலு, நம்ம புலி ஹுலி, நம்ம பள்ளி ஹள்ளி. தமிழ்ல அந்த மாத்தம் நடக்கவே இல்ல, நம்மகிட்ட ப பத்தரமா இருக்குது. அப்போ எச்சு நம்ம சொந்தப் புள்ளையா இருந்தா ப-லதான் ஆரம்பிச்சிருக்கோணும். ப தொலைஞ்சு, ஹ-வும் நம்ம வாய்க்கு வராம உதுந்து, எச்சுன்னு நிக்கறதால அது கன்னடத்துல இருந்து வந்ததுன்னு தைரியமா சொல்லலாம். இந்த மாதிரி ஒரு எழுத்தை வெச்சு வார்த்தையோட தடத்தைப் புடிக்கறதுல இருக்கற சந்தோசம் இருக்குதே, அது வேற எதுலயும் எனக்குக் கெடைச்சதில்லீங்க.

திருப்பூர் பனியனுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு?

இது எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

வடமொழில வணிஜ்னா யாவாரி. அது குஜராத்துல வாணியோ ஆச்சு. போர்த்துகீசுக்காரங்களும் அரபுக்காரங்களும் மேக்குக் கடற்கரைல யாவாரம் பண்ணப்போ இந்த குஜராத்தி யாவாரிங்கள பனியான்னு கூப்புட்டாங்க, அங்கிருந்து அது இங்கிலீசுக்குப் போச்சு. அந்த யாவாரிங்க போட்டிருந்த லூசான மேலாடை மாதிரி தைச்சுப் போட்டுக்கிட்டதுக்கு வெள்ளைக்காரங்க பனியன்னே பேரு வெச்சாங்க, போகப்போக நம்ம நாட்டுல சட்டைக்கு உள்ள போடற துணிக்கு அந்தப் பேரு தங்கிருச்சு. ஆளுக்கு இருந்த பேரு துணிக்கு வந்துருச்சு பாருங்க.

இன்னொரு பக்கம், பாரசீகக் கரைல கொம்ப்ரூன்னு ஒரு தொறைமுகம், இன்னைக்கு பந்தர் அப்பாஸ்னு சொல்றாங்க, அங்க ஒரு ஆலமரத்துக்குக் கீழ இந்த பனியா யாவாரிங்க கூடுவாங்களாம், அதைப் பாத்த வெள்ளைக்காரப் பிரயாணிங்க அந்த மரத்துக்கு பனியா மரம்னு பேரு வெச்சாங்க. இங்கிலீசுல ஆலமரத்துக்குப் பேன்யன்னு பேரு வந்தது இப்படித்தான். ஆக நாம ஒடம்புல போடற பனியனும், அவிநாசி ரோட்டுல பழைய ஊர்ங்கள்ல நிக்கற ஆலமரத்தோட இங்கிலீசுப் பேரும், நம்ம வாணிகமும், மூணும் ஒரே பொறப்பு. வணிஜ்ஜே தமிழ் வேர்ல இருந்து போனதுதான்னு வாதாடறவங்களும் உண்டு, பேரகராதி வணிகனை வடமொழிப் பக்கம்தான் வெக்குது.

அதைவிட எனக்கு ஆசையா இருக்கறது கம்பெனிக்குள்ள நடக்கற பேச்சு. ஒரு பனியன் கம்பெனிக்குள்ள போய் நின்னீங்கன்னா கட்டிங், ஓவர்லாக், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு வரிசையா இங்கிலீசாவே வரும், நடுவுல ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கைமடின்னு பேரு. தைக்கறவங்க பக்கத்துல நின்னு துணிய மடிச்சு, எடுத்துக் குடுத்து, அடுக்கி வெக்கற வேலை. கம்பெனியோட வந்த வேலைக்கெல்லாம் வெளியூர்ப் பேரு, கூட நின்னு கையால மடிச்சுக் குடுக்கற வேலைக்கு நம்ம பேரு. இதை எந்த அகராதிக்காரரும் உக்காந்து யோசிச்சு வெக்கல, வேலைக்கு வந்த சனங்க வெச்சது.

போர்த்துகீசு, டச்சு, உருது எல்லாம் கொங்கு வரைக்கும் எப்படி வந்துச்சு? நமக்குக் கடலே இல்லையே?

கடல் இல்லாட்டி என்னங்க, சந்தை இருக்குதல்ல. ஈரோட்டுல மஞ்சள் ஏலம் நடக்குது, விரலி தனியா கெழங்கு தனியா வெல போவுது. விரல் மாதிரி நீட்டா இருக்கறதால விரலி, அது சுத்தமான நம்ம வார்த்தை. ஆனா ஏலம் போர்த்துகீசு லெயிலாவ்ங்கறதுல இருந்து வந்தது, அதுவும் அவங்க சொந்தம் இல்ல, அறிவிக்கறதுங்கற அரபு வார்த்தைல இருந்து அவங்க வாங்குனது. அரபிக்காரன், போர்த்துகீசுக்காரன், தமிழன்னு மூணு கை மாறித்தான் மஞ்ச மூட்டை மேல வந்து நிக்குது.

ஊட்டுக்குள்ளயே பாத்தா சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், மேஸ்திரி, கொய்யா எல்லாமே போர்த்துகீசு வழியா வந்தது. துட்டு டச்சுக்காரங்களோட டெய்ட்டுங்கற சின்னக் காசு. கக்கூசும் டச்சுதான்.

உருது, பாரசீகம், அரபுல இருந்து வந்ததுக்கு தாலுகா ஆபீசுக்குப் போங்க. தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஜப்தி, வாரிசு, எல்லாமே ராஜாங்கத்தோட வந்த வார்த்தைங்க. இதுல பசலி எனக்குத் தனிப் பிரியம், அரபுல ஃபஸல்னா பருவம், அறுவடை. அதனாலதான் பசலி வருசம் ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியுது, காலண்டருக்குக் கட்டுப்படாம வெள்ளாமைக்குக் கட்டுப்பட்ட வருசம் அது. அடங்கல்ங்கற கிராமத்து நெலக்கணக்கு நகல்ல பசலின்னு போட்டு ஒரு நம்பர் இருக்குமே, அது அக்பர் காலத்து வரிக்கணக்குல இருந்து வர்ற கணக்கு. பக்கத்துலயே அடங்கல்னு அச்சுத் தமிழ் வார்த்தையும் நிக்குது.

நம்ம வார்த்தை வெளிய போயிருக்குதா?

போயிருக்குதுங்க. கட்டுமரமும் சுருட்டும் மெளகுதண்ணியும் இங்கிலீசுக்குப் போனது எல்லாத்துக்கும் தெரியும். மாங்காய் மலாய், போர்த்துகீசு வழியா போயி மேங்கோ ஆச்சு, இஞ்சி வடமொழி, கிரேக்கம், லத்தீன்னு ஊரு சுத்தி ஜிஞ்சர் ஆச்சு. நம்ம பக்கத்துக்கு நெருக்கமானது கல்லுதான். குருந்தக்கல்லு, மாணிக்கமும் நீலமும் சேந்த அந்தக் கல்லு சாதிக்கு உலகம் பூரா கொரண்டம்னு பேரு, அது நம்ம குருந்தம். காங்கேயத்துக்குப் பக்கத்துல படியூர்ல பச்சைக்கல்லு எடுத்தாங்க, சென்னிமலை பக்கம் நொய்யல் கரைல கொடுமணல்ல கல்லு பட்டை தீட்டுன தொழிற்கூடமே தோண்டி எடுத்திருக்கறாங்க, தமிழிங்கற பழைய தமிழ் எழுத்து கீறுன பானை ஓடும் அங்க நெறையக் கெடைச்சுது. பதிற்றுப்பத்துல "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்"னு வர்ற கொடுமணம் அந்த ஊருதான்னு ஆய்வாளருங்க சொல்றாங்க. ரெண்டாயிரம் வருசத்துல அந்த ஊர்ப்பேர்ல மாறுனது கடைசி எழுத்து ஒண்ணுதான்.

எங்க ஊருப் பேருக்கு அர்த்தம் சொல்லுங்க?

இதுதான் ரொம்ப வர்ற கேள்வி, நான் ரொம்ப நிதானமா பதில் சொல்ற கேள்வியும் இதுதான், ஏன்னா எல்லா ஊருக்கும் ஒரு ராஜா கதையோ சாமி கதையோ ரெடியா இருக்கும். ஈரோட்டுக்கு ரெண்டு சொல்றாங்க, பெரும்பள்ளம் ஓடை, பிச்சைக்காரன்பள்ளம் ஓடைன்னு ரெண்டு ஓடை இருக்கறதால ஈரோடை, இல்லாட்டி சிவன் கையில இருந்த ஈர மண்டை ஓடு. எனக்கு ஓடைதான் மனசுக்குப் படுது, ஏன்னா ஊருக்குப் பேரு வெக்கற சனங்க கண்ணுக்கு முன்னால இருக்கற தண்ணி, மேடு, மரம் இதைப் பாத்துத்தான் பெரும்பாலும் வெக்கறாங்க.

ஊர்ப்பேரோட மொதல் பாதிய விட்டுட்டு வால்ல இருந்து ஆரம்பிங்க, அதுதான் உறுதியான வழி. பாளையம்னா படை தங்குன எடம், அப்பறம் பாளையக்காரர் ஆட்சிக்குட்பட்ட ஊரு, நம்ம பக்கம் தடுக்கி விழுந்தா பாளையம்தான். வலசு இன்னும் சுவாரசியமுங்க. ஈரோட்டுல பெரியவலசுன்னே இருக்குது, வெள்ளக்கோயில், மொடக்குறிச்சி பக்கம் போனா வலசு வலசா வரும். வலசைன்னா எடம் விட்டு எடம் போறது, பறவை வலசை போவுதுன்னு சொல்றமே அதேதான். தாய் கிராமத்துல இருந்து பிரிஞ்சு புதுசா காடு திருத்தி சாளை, அதாவது குடிசை போட்டுத் தங்குனவங்க ஊரு வலசு ஆச்சு. எந்தப் பஞ்சத்துக்கு, யாரு கூட சண்டை போட்டுப் பிரிஞ்சாங்கன்னு பேரு சொல்லாது, பிரிஞ்சு வந்தாங்கன்னு மட்டும் சொல்லுது.

கொங்குங்கறதுக்கே தேன், பூந்தாதுன்னு பழைய அர்த்தம் இருக்குது, குறுந்தொகைல "கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி"ன்னு வண்டைப் பாத்துக் கூப்புடற எடத்துல வர்றது அந்தக் கொங்குதான். நாட்டுப் பேரும் அதுல இருந்தே வந்துச்சுன்னு பலரும் சொல்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்குது, நல்லா இருக்கறது மட்டும் சாட்சி ஆகாதுங்க.

ரெண்டு மொழில ஒரே மாதிரி சத்தம் வந்தா ஒரே வேர்தானே?

இல்லவே இல்லீங்க. காசு, கேஷ் ரெண்டையும் வெச்சே பாத்துரலாம். கேஷ் நம்ம காசுல இருந்து போனதுன்னு வாட்ஸப்ல சுத்திட்டே இருக்குது. இங்கிலீசுல ரொக்கப்பணம்ங்கற கேஷ், பெட்டிங்கற அர்த்தத்துல இருக்கற லத்தீன் கப்ஸா, இத்தாலி கஸ்ஸா, பிரெஞ்சு கேஸ் வழியா வந்தது, பணப்பெட்டி பணத்துக்குப் பேராச்சு. ஆனா அதே இங்கிலீசுல நம்மூர்ச் சின்ன நாணயத்தையும் கேஷுன்னு எழுதுனாங்க பாருங்க, அது மட்டும் நம்ம காசு, போர்த்துகீசு வாயில போயி உருவம் மாறுனது. ஒரே எழுத்து, ஒரே சத்தம், ரெண்டுக்கும் பணம்தான் அர்த்தம், வேர் மட்டும் வேற வேற. இவ்வளவு நெருக்கமா இருக்கறதே ஏமாத்துச்சுன்னா, நம்ம ஒன்னும் இங்கிலீசு 'வன்'னும் ஒரே வேருன்னு சொல்றதை எப்படி நம்பறது?

உலகத்து மொழி எல்லாம் தமிழ்ல இருந்து வந்துச்சுன்னு யாராச்சும் எழுதுனா எனக்கு வருத்தமாத்தான் இருக்குது. நம்ம வார்த்தைங்களுக்கு உண்மையாவே இருக்கற பெருமைய அது மறைச்சுருது, இஞ்சி போன தூரத்தைச் சொன்னாக்கூட அதுவும் அந்த மாதிரி கதைதான்னு சனங்க நெனச்சுக்கறாங்க.

கடன் வாங்குன வார்த்தைய எல்லாம் தூக்கி எறிஞ்சுரோணுமா?

புதுசா நல்ல தமிழ் வார்த்தை உண்டாக்கறதும் அதைப் பழகறதும் நல்ல வேலை, நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா சாவியையும் ஏலத்தையும் தூக்கி எறியச் சொல்றவங்களுக்கு நான் நம்மூர்க்காரர் ஒருத்தரைத்தான் காட்டுவேன். நன்னூல் எழுதுன பவணந்தி முனிவர், 13ஆம் நூற்றாண்டு, பெருந்துறை பக்கம் சீனாபுரம்தான் அவரு ஊருன்னு சொல்றாங்க. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே"ன்னு எழுதிட்டுப் போயிருக்கறாரு. வழுவலன்னா தப்பில்லைன்னு அர்த்தம். இலக்கணம் எழுதுனவரே தப்பில்லைன்னுட்டாரு.

எந்த அகராதி பாக்கறது?

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி, 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, லட்சத்துக்கு மேல வார்த்தை. வேர் பாக்க பரோ, எமனோ ரெண்டு பேரும் சேந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, 1961ல வந்து 1984ல திருத்தி விரிவாக்குனாங்க, ஒரு தமிழ் வார்த்தையோட கன்னட, தெலுங்கு, துளு, கோத்தர், தோடர் பங்காளிங்க எல்லாம் ஒரே எடத்துல நிக்கும். ரெண்டுமே சிகாகோ பல்கலைக்கழகத்தோட தளத்துல காசில்லாம பாக்கலாம். தமிழ் வேர்ப் பக்கம் நின்னு வாதாடறதைப் படிக்கோணும்னா பாவாணர் தொடங்குன செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி. நம்ம வட்டாரத்துக்குன்னா பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி கட்டாயம் வேணும்.

எல்லா வார்த்தைக்கும் வேர் கெடைச்சுருமா?

கெடைக்காதுங்க. தொல்காப்பியத்துலயே "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா"ன்னு இருக்குது, ஒரு வார்த்தைக்கு ஏன் அந்த அர்த்தம்ங்கறது பளிச்சுனு கண்ணுக்குத் தெரியாதுன்னு. காரணமே இல்லைன்னு அவரு சொல்லல, சட்டுனு தெரியாதுன்னுதான் சொன்னாரு.

நானும் சேகரிக்கலாம்னு இருக்கறேன், எங்க ஆரம்பிக்கறது?

வயசானவங்ககிட்ட, அதுவும் உடனே. மாட்டைக் கட்டிக் கெணத்துல தண்ணி எறைக்கறதுக்கு கவலைன்னு பேரு, அந்தக் கவலை எறச்சவங்க இன்னும் கொஞ்சம் பேரு இருக்கறாங்க, அவங்ககிட்ட மொதல்ல போங்க. கரண்டு மோட்டாரு வந்ததும் கவலை போச்சு, அதோட வடக்கயிறு, வால்கயிறு, தண்ணி மொள்ற பறி, அதுக்குக் கீழ தொங்கற தோல் குழாயான தும்பி, மாடு எறங்கற வாரி, எல்லா வார்த்தையும் படுத்துருச்சு. வடம் பறிய மேல தூக்கும், வால்கயிறு தும்பியோட வாயைத் தொறந்து தண்ணிய விடும், இதை ஒரு ஆளு கையால காட்டிச் சொன்னாத்தான் வெளங்கும். இட்டேரியும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் வேலிக்கு நடுவுல வண்டி போற தடம், தார் ரோடானதும் பேரு மாறிருது.

வார்த்தைய மட்டும் எழுதாதீங்க, அவங்க சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்க, எந்த ஊரு, எந்த வேலை பாத்தவங்கன்னும் எழுதுங்க. இதுக்கு என்ன பேருன்னு நேராக் கேட்டா நம்மளைப் படிச்சவங்கன்னு நெனச்சு புஸ்தகத் தமிழ்ல சொல்லுவாங்க, சாமானைக் கையில எடுத்து இது ஒடைஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க, அப்பத்தான் நெச வார்த்தை வரும். அம்மாயிகிட்ட சிறுவாடு, யாருக்கும் தெரியாம சேத்து வெக்கற காசு, எவ்வளவு சேத்து வெச்சுருக்கறீங்கன்னு கேட்டா பதில் வராது, ஆனா சிறுவாடுங்கற வார்த்தையப் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க.

சின்னப் பசங்களுக்கு இதுல ஆசை வருமா?

சமையக்கட்டுல ஆரம்பிச்சா வரும். கடல் தாண்டி வந்த புதுக் காய் மெளகு மாதிரி காரமா இருந்ததால மெளகாய். குச்சிய ஒடைச்சு நட்டா மொளைக்கறதால நாமக்கல் பக்கம் மரவள்ளிக்குப் பேரு குச்சிக்கெழங்கு. இந்த ரெண்டையும் சொல்லிட்டு, எண்ணெயப் பிரிச்சா எள்ளும் நெய்யும் வருதுன்னு மட்டும் காட்டுங்க. அப்பறம் காங்கேயத்துத் தேங்காண்ணை டின்னை முன்னால வெச்சு, இதுக்குள்ள எள்ளு எப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டு நீங்க நகந்துக்குங்க, பதிலை நீங்க சொல்லிராதீங்க.